சூடானா நின்னுடுது, ஆறினா ஓடுது: யாராவது வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மாரே. 150 சிசி ஸ்போர்ட்ஸ் பைக், 2016 மாடல், எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாத ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்), லிக்விட் கூல். வீடு கடலூர் தேவனாம்பட்டினம், வேலை பாண்டியில.

காலையில ஒரே அமுக்குல ஸ்டார்ட். முருங்கப்பாக்கம் நெரிசல்ல மாட்டினா போச்சு. திணறல்கூட இல்லாம, சாவியைத் திருப்பின மாதிரி டப்புனு ஆஃப். 20 நிமிஷம் நிழல்ல போட்டு டீ குடிச்சிட்டு வந்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. டீக்கடைக்காரருக்கே இப்ப என் வண்டி பழக்கம்.

நின்ன நேரத்துல பார்த்தேன். சாவி போட்டா பெட்ரோல் பம்ப் ‘உய்ங்’னு சத்தம் குடுக்குது, ஃபேன் சுத்துது, கூலன்ட் அளவு சரி, செல்ஃப் நல்லா சுத்துது. ஆனா பிளக்ல பொறி இல்ல. புது பிளக்தான். பேட்டரி 12.6 வோல்ட்.

போன வாரம் ஃபேரிங்கை, அதான் வண்டியை மூடியிருக்கிற பிளாஸ்டிக் பாடியை, கழட்டினேன் (ரெண்டு போல்ட் துருப்பிடிச்சு மண்டை வழுக்கிடுச்சு, அது தனிக் கதை). உள்ள வயரை இணைக்கிற ஒரு கப்ளர்ல பின்னெல்லாம் பச்சை பூத்துக் கிடந்துச்சு. கடல்காத்து வேலை. கான்டாக்ட் கிளீனர் அடிச்சுத் துடைச்சேன். ரெண்டு நாள் ஓடுச்சு, மறுபடி அதே.

மெக்கானிக் ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) மாத்தணும்ங்கிறார். சோதிக்காம அவ்வளவு காசைக் கொட்ட மனசு வரல. எனக்கு, எப்ப பொறி விடணும்னு ஈசிஎம்முக்கு சிக்னல் குடுக்கிற பிக்கப் காயில் மேலதான் சந்தேகம். சூட்டுல உள்கம்பி விட்டுப்போனா இப்படித்தான் ஆகும். மல்டிமீட்டர் இருக்கு. அந்தக் காயில் இருக்கிற மேக்னட் கவரைத் திறக்காம, சூடா இருக்கும்போதே கப்ளர்ல அளக்க முடியுமா? எந்த வயர்? கடலூர், பாண்டி பக்கம் அளந்து பார்த்து வேலை செய்யற ஆள் இருந்தா எந்த ஏரியான்னு சொல்லுங்க.