பெரிய வீடு, பாலக்கோடு: நடு ரூம் கதவு

வெள்ளிக்கிழமை

யாழினி: எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கெழம காலேஜ் ப்ராஜக்டுக்கு நம்ம வீட்டுல ஷூட்டிங் வெச்சிக்கலாமா? சேலத்துல இருந்து நாலு பேர் வர்றோம். ஒரு கேமரா, ரெண்டு லைட், அவ்ளோதான். நடு ரூம் கதவு சாவி யார்கிட்ட இருக்கு?

பிரபு அண்ணா: எந்தக் கதவு

யாழினி: செவுரு கதவுதான்

பிரபு அண்ணா: ஐயையோ

அம்மா: அத எதுக்கு இப்ப தொறக்கணும்

சுந்தரி அத்தை: என்ன படம்டி

யாழினி: 'கோரலைன்'னு ஒரு இங்கிலீஷ் நாவல் அத்தை. நீல் கெய்மன் எழுதுனது, 2002ல வந்துச்சு. சின்னப் பசங்களுக்கான கதை. ஒரு பொண்ணு அப்பா அம்மாவோட புது வீட்டுக்குக் குடி வர்றா. பெரிய பழைய வீடு, அதத் தனித்தனி போர்ஷனா பிரிச்சிருக்காங்க. ரூம் மூலையில ஒரு பெரிய மரக்கதவு, பூட்டியே கெடக்கும். அம்மா சாவி எடுத்துட்டு வந்து தொறந்து காட்டுவாங்க. தொறந்தா செங்கல் செவுரு. வீட்டப் பிரிச்சப்ப அடைச்சிட்டாங்கன்னு சொல்லிடுவாங்க. இன்னொரு நாள் அவ தனியா இருக்கும்போது அதே கதவத் தொறக்குறா. செவுரு இல்ல. இருட்டா ஒரு நடை போகுது. அந்தப் பக்கம் இதே மாதிரி வீடு, இதே மாதிரி ஒரு அம்மா. ஆனா கண்ணு இருக்கற எடத்துல ரெண்டு கருப்பு பட்டன். சார் ஏதாவது ஒரு நாவல்ல இருந்து ஒரே ஒரு காட்சிய அஞ்சு நிமிஷப் படமா எடுக்கச் சொல்லிருக்கார். வகுப்புல காட்ட மட்டும்தான். யூடியூப்ல போட மாட்டோம், அதுக்கு உரிமை வாங்கணும்.

சுந்தரி அத்தை: தொறந்தா செவுரா

பிரபு அண்ணா: இங்கிலீஷ்காரன் நம்ம வீட்டுக்கு எப்ப வந்தான் 😂

பெரியப்பா: வீட்டு விஷயங்களைக் குழுவில் விவாதிக்க வேண்டாம். தேவைப்பட்டால் தனியாகப் போன் செய்யவும்.

அப்பா: ஞாயிறு லோடு இருக்கு. நான் மார்க்கெட்ல இருப்பேன்

சுந்தரி அத்தை: தக்காளி என்ன வெல போகுது அண்ணா

அப்பா: கூடை எரநூறுக்கு மேல போவல

பிரபு அண்ணா: இங்க தர்மபுரில கடைல கிலோ முப்பதுங்கறான் சித்தப்பா

அப்பா: பறிக்கற கூலிக்கே பத்தல. நடுவுல எவன் தின்றான்னு தெரில

சுந்தரி அத்தை: காவேரிப்பட்டணம் பக்கம் வண்டி வந்தா ஒரு கூடை எறக்கிட்டுப் போ அண்ணா

யாழினி: பா தக்காளி அப்புறம் பேசலாம். சாவி?

அப்பா: என்ன ஏன் கேக்கற. வீட்டப் பிரிச்சப்ப செவுருக்குத்தான் நான் காசு குடுத்தேன். கதவு பத்திரத்துல தம்பி பங்கு

(ஆயா, அப்பா போன்ல இருந்து: குரல் பதிவு 0:51)

சுந்தரி அத்தை: ஆயா சொல்றத எழுதறேன். "தாத்தா தேக்கு வாங்கியாந்து செஞ்ச கதவு. சாவி சின்னவன்கிட்டதான் இருக்கு. அவன வாயத் தொறந்து கேளுங்க, ஊருக்கெல்லாம் தந்தி அடிக்காதீங்க."

சித்தி: சாவி ஓசூர்லதான் இருக்கு. அவர் டூட்டில இருக்கார், வந்ததும் சொல்றேன்

அம்மா: அடுத்த மாசம் பெரியவளுக்கு நிச்சயம். மாப்ள வீட்டுக்காரங்க காதுல பேய்ப்படம்னு விழுந்தா நல்லாவா இருக்கும்? ஞாயிறு தேய்பிறை அஷ்டமி வேற. நான் அதியமான்கோட்டை பைரவர் கோயிலுக்குப் போயி பூசணி வெளக்கு ஏத்தணும்

யாழினி: மா, இதுல பேயே கெடயாது. ரத்தம் இல்ல, தலவிரி கோலம் இல்ல. அந்தப் பொண்ணு நடையத் தாண்டிப் போனா சமையல்கட்டுல அவங்கம்மா முதுகு காட்டி நின்னு சமைச்சிட்டிருப்பாங்க. திரும்புவாங்க. அவ்ளோதான் காட்சி. நாவல்ல அந்த அம்மாவப் பாத்த ஒடனே வித்தியாசம் தெரியும். ஒயரம் ஜாஸ்தி, ஒல்லி, வெளுத்த தோலு, விரல் நீளம். 2009ல ஹென்றி செலிக் இத பொம்மைகள வெச்சி ஸ்டாப் மோஷன்ல எடுத்தார். அதுல மொதல்ல அம்மாவே மாதிரிதான் இருப்பாங்க, பட்டன் மட்டும்தான் வித்தியாசம். அன்பா சோறு போடுவாங்க. போகப் போகத்தான் உருவம் மாறும். எனக்கு இந்த விஷயத்துல படம் பண்ணதுதான் புடிச்சிருக்கு. நம்ம அம்மா மொகமேதான் இருக்கணும், கண்ணு மட்டும் இல்லன்னா அதான் கொலய நடுங்க வெக்கும்.

அம்மா: அப்ப யாரு நடிக்கறது

யாழினி: நீங்கதான் மா

பிரபு அண்ணா: சின்னம்மா வாழ்க

அம்மா: போடி

சுந்தரி அத்தை: பட்டன் என்கிட்ட இருக்கு. கோட்டு பட்டன், பெருசு. பளபளப்பா வேணுமா மங்கலா வேணுமா

யாழினி: பளபளப்பா அத்தை. லைட்டு அதுல ஒரு பொட்டாத் தெரியணும். மங்கலா இருந்தா மொகத்துல ஓட்டை மாதிரி இருக்கும். பொட்டு தெரிஞ்சாத்தான் நம்மளயே பாக்கற மாதிரி இருக்கும்.

ரேகா அண்ணி: கண்ணு மேல எதையும் ஒட்டாதீங்க யாழினி. எமை மேல பசை தடவி எத்தன கேஸ் வந்திருக்கு தெரியுமா

யாழினி: ஒட்டல அண்ணி. பட்டன அதே லைட்டுல தனியா படம் எடுத்து அப்புறம் கம்ப்யூட்டர்ல கண்ணு மேல வெப்போம். நெஜ பட்டன் தட்டுல மட்டும் வரும். நாவல்ல ஒரு பீங்கான் தட்டுல கருப்பு நூல்கண்டு, வெள்ளி ஊசி, ரெண்டு பட்டன் வெச்சிருப்பாங்க. இங்கயே இருந்துடு, ஆனா ஒனக்கும் இதத் தெச்சுக்கணும்னு கேக்கறதுக்கு.

சுந்தரி அத்தை: அடியாத்தி

பிரபு அண்ணா: தருணுக்கு ஒரு ரோல் குடு. நல்லா நடிப்பான்

யாழினி: அண்ணா, நாவல்ல அந்தப் பொண்ணு தனியாத்தான் சுத்துவா. படத்துல அவ பேசறதுக்கு ஆள் வேணும்னு வைபின்னு பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன சேர்த்தாங்க. புத்தகத்துல அவ மனசுல நெனைக்கறத எழுதிடலாம், ஒன்றர மணி நேரப் படத்துல அது முடியாது, சேர்த்தது சரிதான். ஆனா எனக்கு அஞ்சே நிமிஷம். அவ பேசவே வேணாம். தனியா இருக்கறதுதான் இந்தக் காட்சியே. ஓசூர் மித்ரா நடிச்சா நல்லா இருக்கும்னு நெனச்சேன்.

ரேகா அண்ணி: பரவால்ல விடு. தருணுக்கு டியூஷன் இருக்கு

பிரபு அண்ணா: அவன் ஞாயிறு சும்மாதான இருக்கான்

ரேகா அண்ணி: இருக்குன்னு சொல்றன்ல

சித்தி: அக்கா நான் வரேன்!!!! எனக்கும் பட்டன் கண்ணு வெப்பியா

சித்தி: மித்ரா போன எடுத்துட்டா. நாங்க இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல

சித்தப்பா: சாவி தரேன். ஆனா செவுத்துல ஒரு கல்லக் கூட எடுக்கக் கூடாது

அப்பா: எடுக்கறன்னு எவன் சொன்னது

சித்தப்பா: சொல்லி வெக்கறேன் அண்ணா

பெரியப்பா: முதலிலேயே சொன்னேன்.

யாழினி: சித்தப்பா, யாரும் எடுக்க வேணாம். அந்தச் செவுருதான் எனக்கு வேணும். செலிக் படத்துல கதவு குட்டியா இருக்கும், வால்பேப்பருக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். தொறந்தா நடை நெறமா மின்னும். அழகா இருக்கு, ஆனா குட்டிக் கதவப் பாத்த ஒடனே ஏதோ மாயம்னு நமக்கே தெரிஞ்சிடுது. நாவல்ல சாதாரணப் பெரிய கதவு. அதத்தான் நான் எடுக்கப் போறேன், நம்ம கதவும் அப்படித்தான். போன பொங்கலுக்கு நீங்க தொறந்தப்ப பாத்தேன். யாரும் பாக்கப் போறதில்லன்னு கொத்தனாரு பூசாமலே விட்டுட்டார். கல்லுக்கு நடுவுல சிமெண்டு பிதுங்கி அப்படியே காஞ்சிருக்கு, ஒரு எடத்துல சிமெண்டு மூட்ட காகிதம் மாட்டிட்டு நிக்குது. கதவு உள்பக்கம் தாத்தா சாக்பீஸ்ல போட்ட பால் கணக்குக் கோடு இன்னும் அழியல. இத எந்த செட்டுலயும் போட முடியாது. அந்தச் செவுர இருவது செகண்டு அசையாம காட்டுவேன், மியூசிக் இல்லாம. மொதல்ல செவுர நல்லாப் பாத்திருந்தாத்தான் அடுத்த தடவ அது இல்லாதப்ப ஒடம்பு சிலுக்கும்.

சுந்தரி அத்தை: பால் கணக்கு இன்னும் இருக்கா

அப்பா: இருக்கு

சித்தப்பா: இருக்கு

பிரபு அண்ணா: அப்ப செவுரு இல்லாத ஷாட்டு எப்படி எடுப்ப

யாழினி: வெட்டி ஒட்டறதுதான் அண்ணா. கதவு தொறக்கற கை, மித்ரா மொகம், அடுத்து நடை. நடை வேற எடத்துல இருந்தாலும் பாக்கறவங்களுக்கு ஒண்ணாத்தான் தெரியும். அதுக்குத்தான் இன்னொண்ணு கேக்கணும் சித்தப்பா. ஒங்க பக்கத்து தாழ்வாரத்துல அத எடுத்துக்கலாமா? ஒரே வீட்ட ரெண்டாக்குனதால ஒங்க பக்கமும் எங்க பக்கமும் கண்ணாடில பாக்கற மாதிரி திருப்பிப் போட்டு இருக்கு. அதே தூணு, அதே ஓடு. அந்தப் படத்துலயும் ஒரே சமையல்கட்ட ரெண்டு தடவ கட்டுனாங்க. நெஜ வீட்டுத ஆழம் கம்மியா, நெருக்கமா. அந்தப் பக்கத்துத நல்லா உள்ள போற மாதிரி. நம்ம பக்கம் ராகி மூட்டையும் குதிரும் நெருக்கிட்டு நிக்குது. ஒங்க பக்கம் காலியா இருக்கும். செலவில்லாம அதே வித்தியாசம் கெடைக்கும்.

சித்தி: காலியா எங்க இருக்கு. தேங்கா மட்ட, ஒடஞ்ச கட்டிலு, பைப்பு, எல்லாம் கெடக்குது

அம்மா: கூட்டி எடுக்கணும்னா நான் ஆள் விடறேன். நாலு வருஷமா பூட்டியே கெடக்கு, தேளு இருக்கும்

சித்தப்பா: ஆள் எல்லாம் வேணாம் அண்ணி

சித்தப்பா: பாக்கலாம்

சனிக்கிழமை

பெரியப்பா: இனிய காலை வணக்கம் 🙏 நல்லதே நடக்கும்.

பிரபு அண்ணா: வணக்கம்பா. என்னாச்சு ஷூட்டிங்கு

அம்மா: நான் கோயிலுக்குப் போயிட்டு ரெண்டு மணிக்கு மேலதான் வருவேன். முதுகு மட்டும் எடுத்துக்க. மொகம் வேணாம்

யாழினி: மா, திரும்பற நாலு செகண்டு வேணும். அது இல்லன்னா காட்சியே இல்ல.

சுந்தரி அத்தை: மொகத்துக்கு நான் வரேன்டி

யாழினி: ஒரே ஆள் மொகமா இருக்கணும் அத்தை. ஊசி நூல் தட்டு எடுத்து வெக்கற கை ஒங்களுது. தையல்காரங்க விரல் ஊசிய புடிக்கற பதமே வேற, அத நெருக்கத்துல காட்டணும்.

சுந்தரி அத்தை: அப்ப மருதாணி வெக்கட்டுமா

யாழினி: வேணாம் அத்தை. நகத்துக்கு மட்டும் அடர் செவப்புப் பாலிஷ்.

அம்மா: பாக்கலாம். மாப்ள வீட்டுக்கு மட்டும் அனுப்பக் கூடாது

யாழினி: சத்தியமா அனுப்ப மாட்டேன் மா.

சித்தப்பா: சாவிய நாளைக்குக் காலைல ராயக்கோட்டை பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்பறேன். பஸ் ஸ்டாண்டுல யாராவது வாங்கிக்கங்க

(ஆயா: குரல் பதிவு 0:09)

பிரபு அண்ணா: ஆயா: "பஸ்ஸுக்கு என்ன வேல, நீ வந்தா என்ன." அப்படியே எழுதிட்டேன், திட்டாதீங்க சித்தப்பா

அப்பா: லோடு பத்து மணிக்குள்ள முடிஞ்சிடும். களிக்கு அரைக்கக் குடுத்திருக்கு

சித்தப்பா: இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

சுந்தரி அத்தை: என்னடா போட்டு அழிச்ச தம்பி

யாழினி: சித்தப்பா, தாழ்வாரத்துக்கு லைட்டு புடிக்கணும்னா எங்க டீம் ஒம்போது மணிக்கே வரணும். வரச் சொல்லட்டுமா, பத்து மணிக்குச் சொல்லட்டுமா?

சித்தி: மித்ராவுக்கு என்ன கலர் கவுன் போடணும் யாழினி? மஞ்சள்ல ஒண்ணு இருக்கு, கீழ லேசா பிரிஞ்சிருக்கு

சுந்தரி அத்தை: எடுத்துட்டு வா, நான் தெச்சுத் தரேன்