ஓடுகிற பெண்ணுக்கு மாதவிலக்கு நின்றால்

கேள்வி: தேனி அம்மா
என் மகளுக்கு 17 வயது, 1500 மீட்டர் ஓடுகிறாள். பொங்கலுக்குப் பிறகு அவளுக்கு பீரியட்ஸ் வரவே இல்லை. காலை, மாலை இரண்டு வேளையும் கிரவுண்டுதான். எடை கூடக்கூடாது என்று ராத்திரி சோற்றைத் தொடுவதில்லை, இரண்டு சப்பாத்தியோடு சரி. முன்னங்கால் எலும்பில் வலி வேறு. "நல்லா ஓடுற பிள்ளைகளுக்கு இப்படித்தான் இருக்கும்" என்கிறார் கோச். மாமியார் ஓட்டத்தையே நிறுத்தச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: பி.டி. டீச்சர்
அக்கா, நானும் கல்லூரி வரை 800 மீட்டர் ஓடியவள், இப்போது பள்ளியில் பி.டி. டீச்சர். இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். ஓடலாம், ஆனால் இந்தச் சாப்பாட்டோடு ஓடக்கூடாது.

பயிற்சிக்குச் செலவானது போக மிச்சமுள்ள சக்தியில்தான் மற்ற எல்லா வேலையும் நடக்க வேண்டும். அது போதாதபோது மூளை முதலில் கைவைப்பது கருமுட்டை வேலையில். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் சைகை மந்தமாகிறது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இறங்குகிறது, மாதவிலக்கு நின்றுபோகிறது. ஈஸ்ட்ரோஜன் இல்லாவிட்டால் எலும்பும் வலுவிழக்கும். எலும்பு உறுதி சேர வேண்டிய வயது இது, அதனால்தான் அந்தக் கால் வலி எனக்குக் கவலையாக இருக்கிறது.

கொழுப்பு நீங்கலான உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 45 கலோரி மிஞ்சினால் நல்லது. 30க்குக் கீழே போனால் ஐந்தே நாளில் அந்தச் சைகை தடுமாறுவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். கொழுப்பு நீங்கலாக 40 கிலோ இருக்கும் பெண்ணுக்கு 1800 கலோரி, அதற்கு மேல் ஓட்டத்துக்கானது தனி. இரண்டு சப்பாத்தியில் இது எப்படி வரும்?

அமெரிக்காவின் மேரி கெய்ன் உங்கள் மகள் வயதில், இதே 1500 மீட்டரில், 2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டியில் ஓடியவர். அப்புறம் எடையைக் குறை, குறை என்று நெருக்கினார்கள். மூன்று வருடம் மாதவிலக்கு வரவில்லை, ஐந்து எலும்பு முறிந்தது என்று 2019இல் அவரே வெளியே சொன்னார். கோச்சிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே 2014இல் 'ரெட்-எஸ்' (விளையாட்டில் வரும் சக்திப் பற்றாக்குறை) என்ற பெயரில் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

பதில்: நர்ஸ் மதுரை
மூன்று மாதம் தொடர்ந்து வராவிட்டாலே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓட்டம்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), நீர்க்கட்டி, கர்ப்பம் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள். ஒன்று கவனியுங்கள்: ஹார்மோன் மாத்திரை போட்டால் ரத்தப்போக்கு வரும், ஆனால் அது சரியாகிவிட்டதற்கு அடையாளம் இல்லை. சாப்பாடு கூடாமல் எலும்பு தேறாது.

தேனி அம்மா
ரொம்ப நன்றி. முதலில் எந்த டாக்டரிடம் போகட்டும்? இரவுக்கு என்ன கொடுக்கட்டும்?

பதில்: பி.டி. டீச்சர்
கால்தான் முதலில். எலும்பு டாக்டர் பார்க்கும்வரை ஓட விடாதீர்கள். எலும்பில் மெல்லிய விரிசல் இருந்தால் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும். வலி நீடித்தால் எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். அதே வாரத்தில் மகப்பேறு மருத்துவர். இரவு சோறு, பருப்பு, முட்டை. பயிற்சி முடிந்த கையோடு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் பையில் இருக்கட்டும்.