சென்சார் நெட்வொர்க்கில் பிஎச்டி: போஸ்ட்டாக் எங்கே தேடுவது?

அலைவரிசை:
ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன், வைவா பாக்கி. பேட்டரியில் ஓடும் சென்சார்களுக்கான ரூட்டிங்தான் (தரவு எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது) தலைப்பு. முழுக்க என்எஸ்-3 என்ற நெட்வொர்க் மென்பொருளில் செய்த சிமுலேஷன். 'வயர்லெஸ் சென்சார் நெட்வொர்க்' என்று தேடினால் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) விளம்பரம் அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. துறையே வற்றிவிட்டதா? ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஃபெலோஷிப்புக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா?

நில அதிர்வு:
வற்றவில்லை, வேறு துறைகளுக்குக் குடிபோய்விட்டது. நான் படித்தது தகவல் தொடர்பு. போஸ்ட்டாக் செய்வது நிலநடுக்கவியல் குழுவில். ஆப்டிகல் ஃபைபரையே அதிர்வு சென்சாராக்கும் டிஏஎஸ் (டிஸ்ட்ரிபியூட்டட் அகவுஸ்டிக் சென்சிங்) வேலை. லேசர் துடிப்பை உள்ளே அனுப்புவோம். சிதறித் திரும்பும் ஒளியில் ஏற்படும் மாற்றத்தை வைத்து இழை எந்த இடத்தில் நீண்டது, சுருங்கியது என்று கண்டுபிடிக்கலாம். கிலோமீட்டர் கணக்கில் நீளும் கேபிளில் சில மீட்டருக்கு ஓர் அளவீடு. தரவு டெராபைட் கணக்கில் கொட்டும். நிலநடுக்கம் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர். இந்த வெள்ளத்தைச் சமாளிக்கத்தான் ஆள் இல்லை. எனக்கு வேலை கிடைத்த விளம்பரத்தில் நெட்வொர்க் என்ற சொல்லே கிடையாது!

பாலங்களைக் கண்காணிக்கும் சிவில் குழுக்கள், நீரியல் ஆய்வகங்கள் இவற்றையும் பாருங்கள். ரேடியோ பக்கமே இருப்பேன் என்றால் 'ஐசாக்' (ISAC, இன்டக்ரேட்டட் சென்சிங் அண்ட் கம்யூனிகேஷன்) என்று தேடுங்கள். தகவல் அனுப்பும் அலையையே ரேடார் போலவும் பயன்படுத்துவது. ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியூ 2023இல் வெளியிட்ட 6ஜி சட்டகத்தின் ஆறு பயன்பாடுகளில் இதுவும் ஒன்று.

அப்புறம், கோபிக்காதீர்கள்: சிமுலேஷன் மட்டும் வைத்திருந்தால் இந்தக் குழுக்கள் தயங்கும். நாலைந்து சென்சார் போர்டில் கான்டிகி-என்ஜி என்ற சிறு இயங்குதளத்தை ஏற்றி, வைஃபை நெரிசல் உள்ள கட்டடத்தில் ஓட்டிப் பாருங்கள். சென்சார்கள் பேசும் ரேடியோ தரமான 802.15.4உம் வைஃபையும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில் மோதிக்கொள்ளும்போது உங்கள் ரூட்டிங் என்ன ஆகிறது என்ற வரைபடம் ஒன்று போதும், நேர்காணலில் அதைப் பற்றியே பேசுவார்கள்.

ஒளியிழை:
மேரி கியூரிக்கு விண்ணப்பத்தின் கடைசி நாளுக்குள் பிஎச்டி முடிந்திருக்க வேண்டும். அது வழக்கமாகச் செப்டம்பரில் வரும். அதற்கு முந்தைய 36 மாதங்களில் போகப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. நிறைய பேர் தடுக்கி விழுவது இதில்தான். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெலோஷிப் என்றால் பிஎச்டி முடித்து 4 ஆண்டுக்குள். இரண்டுக்குமே நீங்கள் சேரப்போகும் இடத்து வழிகாட்டி முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும், கடைசி மாதத்தில் மின்னஞ்சல் போட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள். திட்ட நிதியில் வரும் வேலைகளுக்கு யூராக்ஸஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு வேலைத் தளம்.

அலைவரிசை:
நன்றி. டிஏஎஸ் குழுவுக்கு எழுதினால் நிலநடுக்கவியல் தெரியாது என்று ஒதுக்கிவிட மாட்டார்களா?

நில அதிர்வு:
கேட்பார்கள். அவர்களுடைய கட்டுரை ஒன்றின் திறந்த தரவை இறக்கி, அதைச் சுருக்கி அனுப்பும் சிறிய நிரலை எழுதி, மின்னஞ்சலோடு இணைப்பு கொடுங்கள். எஸ்-அலை, பி-அலை என்ற நிலநடுக்க அலைகளைப் பற்றியெல்லாம் போன பிறகு படித்துக்கொள்ளலாம்.