புராஜெக்ட்டில் எங்கே சறுக்கினோம்? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

இறுதியாண்டு புராஜெக்ட்டைத் தொடங்குகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "ரிஸ்க் டேபிளில் என்ன எழுதணும்?" என்பதைத்தான். நாங்களும் அப்படித்தான் கேட்டோம். சீனியர் ஒருவருடைய ரிப்போர்ட்டில் இருந்த அட்டவணையை அப்படியே எடுத்து வைத்தோம். உடல்நலக் குறைவு, மின்தடை, ஹார்டுவேர் பழுது, நேரமின்மை. ஒவ்வொன்றும் நடக்க வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் பாதிப்பு எவ்வளவு என்று 1 முதல் 5 வரை மதிப்பெண். இரண்டையும் பெருக்கி, வந்த எண்ணுக்கு ஏற்ப சிவப்பு, மஞ்சள், பச்சை. முதல் ரிவ்யூவில் கைடு தலையசைத்தார். அதன்பிறகு நாங்கள் நான்கு பேரும் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

எங்களுடையது பசுமைக்குடிலுக்கான கண்காணிப்புக் கருவி. மண்ணின் ஈரத்தை அளந்து, வைஃபை வழியாக சர்வருக்கு அனுப்பி, தேவைப்பட்டால் பம்ப்பை ஓட வைக்க வேண்டும். சென்சார் எனக்கு, வைஃபையும் சர்வரும் ஒருவருக்கு, பிசிபி (பாகங்களைப் பொருத்தும் அச்சிட்ட மின்சுற்றுப் பலகை) ஒருவருக்கு, ஆப் ஒருவருக்கு என்று பிரித்துக்கொண்டோம். வாரா வாரம் கூடும்போது ஆப் செய்பவரைத் தவிர எல்லோரும் "என் பகுதி ஓடுது" என்றோம். யாரும் பொய் சொல்லவில்லை, தனித்தனியாக எல்லாமே ஓடியது.

டெமோவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போதுதான் என் புரோகிராமையும் வைஃபை புரோகிராமையும் முதல்முறை சேர்த்துப் போர்டில் ஏற்றினோம். வைஃபை இணைந்தது. அந்த நொடியிலிருந்து ஈர அளவு அசையவில்லை. சென்சாரைத் தண்ணீர் டம்ளரில் முக்கினேன், எடுத்துத் துடைத்தேன், திரையில் அதே எண். சென்சாரை மாற்றினோம். போர்டை மாற்றினோம். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால், சென்சார் இணைந்திருந்த பின்னில் (சிப்பின் இணைப்புக் காலில்) வோல்டேஜ் ஒழுங்காக ஏறி இறங்கியது. மூன்றாம் நாள் இரவு, வேறு வழி தெரியாமல், வைஃபையைத் தொடங்கும் ஒரு வரியை மட்டும் கமெண்ட் செய்து (இயங்காமல் நிறுத்தி வைத்து) ஏற்றினோம். எண் உடனே மாறத் தொடங்கியது.

காரணம் இதுதான். எங்கள் போர்டில் இருந்த இஎஸ்பி32 சிப்பில், ஏறி இறங்கும் வோல்டேஜை (அனலாக் அளவை) எண்ணாகப் படிக்க ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு பிரிவுகள். வைஃபை இயங்கும்போது ஏடிசி2-ஐ வைஃபையை இயக்கும் மென்பொருள் (டிரைவர்) பயன்படுத்துகிறது, அந்தப் பின்களை நாம் நம்பிப் படிக்க முடியாது. நான் சென்சாரை இணைத்திருந்தது 25-ஆம் பின், அது ஏடிசி2. 32 முதல் 39 வரைதான் ஏடிசி1. தயாரிப்பாளரின் ஆவணத்திலேயே இது இருக்கிறது. பிசிபி ஏற்கனவே அச்சாகி வந்துவிட்டதால், 25-க்குப் போகும் தடத்தை பிளேடால் கீறி அறுத்து, 34-க்கு மெல்லிய வயர் ஒன்றைச் சாலிடர் செய்தோம். வேலை செய்தது. ஆனால் நான்கு நாள் போய்விட்டது. பம்ப் பகுதியைச் சோதிக்க நேரமே இல்லை, டெமோவில் அதைக் காட்டவும் இல்லை.

எங்கள் அட்டவணையில் "ஹார்டுவேர் பழுது" இருந்தது. ஆனால் பழுதானது எதுவுமே இல்லை. ஒருவர் வேலை இன்னொருவர் வேலையோடு சேரும் இடத்தில்தான் உடைந்தது, அந்த இடத்தைப் பற்றி அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. மாணவர்களுக்கு மட்டும் நேர்வதும் அல்ல இது. 1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்ததும் இப்படி ஒரு சேரும் இடத்தில்தான். தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது, அதை வாங்கிய மென்பொருள் நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது.

இப்போது ஜூனியர்களுக்கு நான் சொல்வது: இரண்டாம் வாரமே எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். சென்சார் வரவில்லையா, கோடில் சும்மா 42 என்று ஒரு எண்ணை எழுதி, அது போர்டிலிருந்து சர்வருக்குப் போய் ஆப்பில் தெரிகிறதா என்று பாருங்கள். அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை. அப்புறம் ஒவ்வொரு பகுதியாக நிஜமானதை வைத்துக்கொண்டே போங்கள். பிசிபியை அச்சடிக்கக் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

* * *

மேலே பகிர்ந்த அண்ணனுக்கு நன்றி. எங்களுக்கு ஹார்டுவேரே கிடையாது, அதனால் ரிஸ்க்கும் குறைவு என்று நினைத்தோம். இலையின் படத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்கும் மாடல், அதாவது படங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் புரோகிராம். படங்கள் போதவில்லை, எனவே ஒவ்வொரு படத்தையும் திருப்பி, சாய்த்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பல மடங்காக்கினோம். அதன்பிறகு மொத்தத்தையும் கலக்கி, பயிற்சிக்கு ஒரு பங்கு, சோதனைக்கு ஒரு பங்கு என்று பிரித்தோம். துல்லியம் 98 சதவீதம் வந்தது. டீமே கொண்டாடியது.

இரண்டாம் ரிவ்யூவில் ஒரு மேடம் தன் மொபைலில் எடுத்த இலைப் படத்தைக் கொடுத்தார். தவறான விடை. இன்னொன்று கொடுத்தார், அதுவும் தவறு. ஒரே இலையின் நேர்ப்படம் பயிற்சியிலும் அதன் திருப்பிய படம் சோதனையிலும் இருந்திருக்கிறது. மாடல் பார்த்த இலையையே மறுபடி பார்த்து விடை சொல்லியிருக்கிறது. முதலில் பிரித்துவிட்டு, பயிற்சிப் பங்கை மட்டும் பெருக்கியிருக்க வேண்டும். திருத்தி ஓட்டியபோது துல்லியம் வெகுவாக இறங்கியது, அந்த எண்ணைத்தான் ரிப்போர்ட்டில் எழுதினோம். அதை எழுத எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. எழுதியது சரி என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று. பயிற்சி முடிந்த மாடல் ஃபைல் ஒரே ஒரு லேப்டாப்பில் இருந்தது. பெரிய ஃபைல் என்பதால் கிட்டில் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி) ஏற்றவில்லை, இணைய டிரைவில் பிரதி இருக்கிறது என்று நண்பர் சொன்னார். அந்த லேப்டாப் ஒருநாள் ஆன் ஆகவில்லை. டிரைவைத் திறந்தால் ஃபைல் பாதியில் நின்றுபோன அப்லோடு. மறுபடி பயிற்சி கொடுக்க இரண்டு இரவுகள். பேக்கப் இருக்கிறதா என்று கேட்டோமே தவிர, அதை இறக்கி ஓட்டிப் பார்த்தாயா என்று யாரும் கேட்கவில்லை. 2017 ஜனவரி 31 அன்று, மற்றவர்களின் கோடுகளைச் சேமித்து வைக்கும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்தபோது, அவர்கள் வைத்திருந்த ஐந்து விதமான பேக்கப், பிரதி வழிகளில் ஒன்றுகூட நம்பும்படி வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். ஏறக்குறைய 6 மணி நேரத் தரவு போனது. அதைப் படித்த பிறகு, மாதம் ஒருமுறை வேறு லேப்டாப்பில் எல்லாவற்றையும் இறக்கி, முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொண்டேன்.

* * *

நான் சில ஆண்டுகளாக மாணவர் டீம்களுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். ரிஸ்க் பற்றிப் பேசச் சொன்னால் யாரும் வாய் திறப்பதில்லை. நம்பிக்கை இல்லாதவர் என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம். அதனால் கேள்வியை மாற்றினேன். "டெமோ நாள் முடிந்துவிட்டது. உங்கள் புராஜெக்ட் தோற்றுவிட்டது. ஏன் தோற்றது என்று ஆளுக்கு ஒரு தாளில் பத்து நிமிடம் எழுதுங்கள், யாரும் பேசக்கூடாது." உளவியலாளர் கேரி க்ளைன் 2007-இல் எழுதிய ஒரு கட்டுரையால் பலருக்கும் பரிச்சயமான முறை இது. ப்ரீமார்ட்டம் என்பார்கள்.

ஒருமுறை ஐந்து தாள்களில் மூன்றில் ஒரே வரி இருந்தது. சர்வர் வேலை தெரிந்தவர் ஒருவர்தான், அவர் வேலைக்கான நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்விட்டால் எல்லாம் நின்றுவிடும். அந்த ஒருவருடைய தாளிலும் அதேதான் இருந்தது. பலருக்கும் தெரிந்திருந்தும் அதுவரை ஒருவரும் சொல்லவில்லை. அன்றே இன்னொரு மாணவியை அவரோடு உட்கார வைத்து, அடுத்த இரண்டு வாரம் சர்வர் வேலையை அவள் கையால் செய்ய வைத்தோம். பிறகு அவர் உண்மையிலேயே பத்து நாள் இல்லை. வேலை நடந்தது.

அட்டவணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆள் பெயரும், எதைப் பார்த்தால் உஷாராக வேண்டும் என்பதும் இருக்கட்டும். "சென்சார் வர தாமதமாகலாம்" என்பதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. "10-ஆம் தேதிக்குள் சென்சார் வராவிட்டால் லேபில் இருக்கும் பழையதை வைத்துத் தொடங்குவோம், பார்த்துச் சொல்ல வேண்டியவர் இவர்" என்று எழுதினால் 11-ஆம் தேதி விவாதம் இருக்காது.

* * *

சின்ன அனுபவம். கிளவுட் சேவையின் ரகசியச் சாவியை (கடவுச்சொல் மாதிரி) கோடிலேயே எழுதி, யாரும் பார்க்கக்கூடிய கிட்ஹப் ரெப்போவில் (இணையத்தில் கோடு வைக்கும் இடம்) புஷ் செய்துவிட்டேன், அதாவது ஏற்றிவிட்டேன். கவனித்தவுடன் அந்த வரியை அழித்து மறுபடி புஷ் செய்து, சரி, முடிந்தது என்று நினைத்தேன். பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அது அப்படியே இருக்கும் என்பது தெரியாது. இப்படிச் சாவிகளைத் தேடி எடுக்கவே புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மறுநாள் என் கணக்கில் நான் தொடங்காத சர்வர்கள். அழிப்பதற்கு முன்பே சாவியை ரத்து செய்திருக்க வேண்டும்.

இலவசச் சேவையை நம்பி டெமோவை வைப்பவர்களும் கவனியுங்கள். நம் ஆப்களை இணையத்தில் ஓட்டித் தரும் ஹெரோக்கு, 2022 நவம்பர் இறுதியில் இலவசத் திட்டத்தை நிறுத்தியபோது, ரிப்போர்ட்டில் கொடுத்திருந்த எங்கள் சீனியர்களின் லிங்க்குகள் பலவும் திறக்காமல் போயின. இப்போது நாங்கள் டெமோ முழுவதையும் வீடியோவாகவும் பதிவு செய்து வைக்கிறோம்.

* * *

எல்லோரும் கருவி, கோடு பற்றிச் சொல்கிறீர்கள். எங்கள் டீமில் ஒருவர் மூன்று வாரமாக மெசேஜுக்குப் பதிலே சொல்வதில்லை. கைடிடம் சொன்னால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று பயமாக இருக்கிறது. இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

* * *

தம்பி, முதல் பதிவு போட்டவன் நான்தான். எங்களுக்கும் இது நடந்தது, ஆப் செய்ய வேண்டியவர் அவர். கோபமாகக் குரூப்பில் எழுதினோம், அவர் இன்னும் ஒதுங்கினார். கடைசியில் ஒருத்தி மட்டும் நேரில் போய்ப் பார்த்தாள். அவருக்கு அந்த வேலை தெரியவே தெரியாது. முதல் கூட்டத்தில் தெரியும் என்று சொல்லிவிட்டார், அதன்பிறகு உண்மையைச் சொல்லக் கூச்சம். ஆப்பை விட்டுவிட்டு எளிய வெப் பக்கமாக மாற்றினோம். அளவீடுகளைக் குறிப்பதையும் சோதனைகளையும் அவர் எடுத்துக்கொண்டு நன்றாகவே செய்தார்.

அதனால் முதலில் ஒருவர் மட்டும் நேரில் போய்ப் பேசுங்கள், குரூப்பில் வேண்டாம். அப்போதும் நகரவில்லை என்றால் இந்த வாரமே கைடிடம் போங்கள். ஆளைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டாம். "இந்தப் பகுதி மூன்று வாரமாக நிற்கிறது, இதை எடுத்துவிட்டு இப்படிச் செய்யலாமா?" என்று கேளுங்கள். இப்போது கேட்டால் அவரால் புராஜெக்ட்டின் அளவைக் குறைத்துக் கொடுக்க முடியும். டெமோவுக்கு முந்தின வாரம் போனால், அவர் நினைத்தாலும் முடியாது. பேசிவிட்டு என்ன ஆனது என்று இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.