தெரிந்த வார்த்தைதான் கவிழ்க்கும்: ஊர் மாறிப் போய் மாட்டிக்கொண்ட கதைகள்

வியாசர்பாடியிலிருந்து கோவைக்கு வந்தவர்:

பிறந்து வளர்ந்ததெல்லாம் வியாசர்பாடி. வேலை மாற்றலாகி சிங்காநல்லூர்ப் பக்கம் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த இரண்டாவது வாரமே சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. வீட்டுக்காரம்மா ஒரு பிளம்பர் நம்பர் கொடுத்தார், போன் செய்தேன். "நாளைக்குப் பொழுதோட வந்துர்றனுங்க" என்றார். ஆகா, நேரத்தோடு வருகிறேன் என்கிறாரே, சென்னையில் இப்படி ஒருத்தர் சொல்லுவாரா என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஏழு மணிக்கே குளித்து உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு, ஒன்பது, பத்து. குழாய்க்கு அடியில் வாளி நிறைய நிறைய எடுத்துக் கொட்டுவதுதான் வேலை. பதினொன்றுக்கு போன் செய்தால், "பொழுதோடன்னு சொன்னனுங்களே" என்று அவ்வளவு பணிவாகச் சொல்கிறார். பணிவாகச் சொன்னதில்தான் எனக்குக் கோபம் வந்தது. "பொழுதுதாங்க போயிட்டே இருக்கு" என்றேன். "ஆமாங்க, போகட்டுங்க, வந்துர்றேன்" என்றார். அரை நாள் லீவு முழு நாள் ஆனது. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார், பத்து நிமிஷத்தில் வாசர் மாற்றினார், போய்விட்டார். வீட்டுக்காரம்மாவிடம் புலம்பினால் அவர் சிரிக்கிறார். "பொழுதோடன்னா அந்திக்குங் கண்ணு. காலையிலன்னா வெடியாலன்னு சொல்லியிருப்பாரு."

அன்றைக்குப் புரிந்தது இதுதான். தெரியாத வார்த்தையால் ஒரு கஷ்டமும் இல்லை. அட்டாலி என்றார்கள், பொடக்காலி என்றார்கள், என்னங்க அது என்று கேட்டேன், காட்டினார்கள், முடிந்தது. தெரிந்த வார்த்தை வேறு அர்த்தத்தில் வரும்போதுதான் நாம் கேட்பதே இல்லை, தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறோம். உங்களுக்கும் இப்படி நடந்திருக்குமே, எழுதுங்கள். எந்த ஊர்த் தமிழ் நல்ல தமிழ் என்ற சண்டை மட்டும் வேண்டாம்.

போளூர்ப் பெண், மன்னார்குடி மருமகள்:

என் கதையைக் கேட்டால் குழாய்க்கதை ஒன்றுமே இல்லை என்பீர்கள். கல்யாணமாகி மூன்று மாதம் இருக்கும். ஏதோ விசேஷத்துக்கு அழைப்பதற்காக மாமியார் எங்கள் அப்பா நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். எடுத்தது என் தம்பி. "அப்பா கொல்லைக்குப் போயிருக்காருங்க அத்தை" என்றிருக்கிறான். சரி, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டால், "இன்னும் கொல்லையிலதான் இருக்காருங்க". மத்தியானம் கூப்பிட்டாலும் அதே பதில். "காலையில போனவரு, சாப்பாடெல்லாம் அங்கதான் கொண்டு போய்க் குடுத்தோம், சாயங்காலம்தான் வருவாரு" என்று விளக்கமாக வேறு சொல்லியிருக்கிறான்.

மாமியார் போனை வைத்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். முகமெல்லாம் கவலை. "ஏம்மா, சம்பந்திக்கு வயித்துல ஏதும் கோளாறா? டாக்டர்கிட்ட காட்டலியா? அங்கயே சாப்பாடு வேற..." என்று அதற்கு மேல் சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டார்.

எங்கள் பக்கம் கொல்லை என்றால் புன்செய்க் காடு, நிலம். அப்பா அன்றைக்கு மல்லாட்டை பிடுங்க ஆள் விட்டிருந்தார், கூடவே நின்றார், அவ்வளவுதான். தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லை என்றால் வீட்டுப் பின்புறம், கொல்லைக்குப் போவது என்றால்... அதை நான் எழுதவில்லை. விளக்கம் சொல்லி முடித்ததும் மாமியார் கேட்ட அடுத்த கேள்வி: "அதென்னம்மா மல்லாட்டை?"

ஈரோட்டுக்காரர்:

சிரித்து மாளவில்லைங்க. மல்லாட்டை என்றால் கடலக்காய்தானே? எங்கள் பக்கம் கடலக்காய், சென்னையில் வேர்க்கடலை. மணிலாக்கொட்டை தேய்ந்துதான் மல்லாட்டை ஆனது என்பார்கள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் "அவிச்ச மல்லாட்ட" என்று கூவிக்கொண்டு போன அம்மாவிடம் அது என்ன கிழங்கோ என்று நினைத்து வாங்காமல் விட்டவன் நான்.

நாகர்கோவில்காரர்:

2015 டிசம்பர் முதல் வாரம். நான் அப்போது சைதாப்பேட்டையில் மூன்று பேரோடு ஒரு மாடி அறையில் இருந்தேன். அடையாறு பொங்கி வந்து கீழ்வீடு முழுக்க மூழ்கிவிட்டது. மாடிப்படியில் எத்தனை படி தண்ணீருக்குள் போயிருக்கிறது என்று எண்ணுவதுதான் எங்கள் வேலை. கரண்ட் இல்லை. ஒரே ஒருவனுடைய போனில் மட்டும் கொஞ்சம் சார்ஜ், அதிலும் சிக்னல் வந்து வந்து போகிறது. இரண்டு நாள் கழித்து எப்படியோ அம்மாவின் அழைப்பு கிடைத்துவிட்டது. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

அம்மா அழுதுகொண்டே கேட்ட முதல் கேள்வி: "மக்கா, அங்க வெள்ளம் உண்டா?"

பக்கத்தில் இருந்த தருமபுரிக்காரன் பொறுமை இழந்து, "இருக்கு ஆன்ட்டி, நாலடி இருக்கு, வேணுமா?" என்று கத்திவிட்டான். அம்மாவுக்கு நிம்மதி. "அப்பாடா, நெறைய இருக்கு. காய்ச்சிக் குடிங்க மக்களே" என்றார். எங்கள் மாவட்டத்தில் குடிக்கிற தண்ணீருக்குத்தான் வெள்ளம் என்று பெயர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர்கள், மலையாளமும் தமிழும் ஒரே வீட்டுக்குள் புழங்கிய மாதிரிதான். உண்மையில் அன்றைக்கு எங்களிடம் இல்லாமல் இருந்தது அம்மா கேட்ட வெள்ளம்தான். ஐந்து லிட்டர் கேனில் அடியில் கொஞ்சம் கிடந்தது, நாலு பேர் மூடியில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தோம். அதை அவனுக்குச் சொல்லிப் புரியவைத்த பிறகு அவன் ரொம்ப நேரம் பேசவில்லை.

அதே தருமபுரிக்காரன் அடுத்த மே மாதம் ஊருக்கு வந்தான். அம்மா அவனை உட்காரவைத்து, "மோனே, சக்கை வெட்டி வச்சிருக்கு, தின்னுட்டுப் போ" என்றார். பையன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சக்கை என்றால் பலாப்பழம் என்று சொல்லி வைக்காதது என் தப்பு. அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா அண்டி ஆபீசுக்குப் போயிருக்கிறார் என்றதும், அது எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டான். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைடே அது.

கோபியில் ஐந்து வருஷம் இருந்தவர், சென்னை:

வங்கி வேலையாக கோபிச்செட்டிபாளையம். முதல் மாதம், கல்யாண நாள், பாயசம் வைக்கலாம் என்று மளிகைக் கடையில் ஒரு கிலோ சர்க்கரை கேட்டேன். கட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் பிரித்தால் பழுப்பாகப் பொலபொலவென்று நாட்டுச்சர்க்கரை. சரி, இதுவும் இனிப்புதானே என்று கொதிக்கிற பாலில் அப்படியே கொட்டினேன். பால் திரிந்துவிட்டது. சேமியா ஒரு பக்கம், திரிந்த பால் ஒரு பக்கம், நடுவில் பழுப்புத் தண்ணீர். வீட்டுக்காரர் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இது எந்த ஊர் ஸ்பெஷல் என்று மரியாதையாகக் கேட்டார்.

மறுநாள் கடைக்காரர் சொன்னார்: "சக்கரைன்னா அதுதானுங்க. வெள்ளைச் சக்கரை வேணும்னா அஸ்கான்னு கேளுங்க." பக்கத்திலேயே கவுந்தப்பாடி, நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்போன சந்தை இருக்கிற ஊர். அங்கே போய் நின்றுகொண்டு வெறுமனே சர்க்கரை என்றால் வேறு எதைக் கொடுப்பார்கள்?

அஸ்கா என்பது ஏதோ கம்பெனி பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு ஊர். ஒடிசாவில் கஞ்சம் மாவட்டத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சர்க்கரை ஆலை நடந்திருக்கிறது, 1936இல் ஒரிசா தனி மாகாணம் ஆகும் வரை அந்த மாவட்டமே சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. ஊர் போய்விட்டது, பெயர் மட்டும் கோபி மளிகைக் கடையில் தங்கிவிட்டது. சென்னையில் என் பாட்டி காலத்து ஆட்களும் அஸ்கா என்று சொல்லுவார்கள் என்று பிறகு அம்மா சொன்னார். எனக்குத்தான் தெரியவில்லை.

விருதுநகரிலிருந்து:

எங்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது. சீனி என்றால் சீனி. சர்க்கரை என்றால் வியாதி.

திருநெல்வேலியில் பயிற்சி முடித்த டாக்டர்:

நான் அம்பத்தூர்க்காரன். பயிற்சி மருத்துவராகச் சேர்ந்த முதல் வாரம், ஒரு ஆச்சி வந்து உட்கார்ந்தார். என்ன செய்கிறது என்றேன். "குறுக்கு உளையுதுய்யா." குறுக்கே எங்கே பாட்டி, நெஞ்சுக்குக் குறுக்கேயா, வயிற்றுக்குக் குறுக்கேயா என்று கேட்டேன். நெஞ்சு என்றால் ஈசிஜி எடுக்க வேண்டுமே என்று பதறிக்கொண்டிருக்கிறேன். ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குறுக்குன்னா குறுக்குதாம்யா" என்று இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். பக்கத்தில் நின்ற சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார். மாத்திரை எழுதிக் கொடுத்து, மெதுவாக எழுந்திருங்கள் என்றேன். "பைய எந்திக்கேன்" என்றார். நான் மேஜைக்கு அடியில் குனிந்து பையைத் தேடினேன், ஐயா. பையை.

ஒரு மாதத்தில் ஒரு நோட்டுப் போட்டு எழுதிவைத்துக்கொண்டேன். சங்கு என்றால் தொண்டை, ஏசினாவ என்றால் திட்டினார்கள், சாரம் என்றால் லுங்கி. மருத்துவப் படிப்பில் இதற்கு ஒரு பேப்பர் வைத்தால் தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். உள்ளூர் சிஸ்டர்கள் இல்லையென்றால் எத்தனை பேருக்குத் தேவையில்லாமல் ஈசிஜி எடுத்திருப்பேனோ.

திருப்பூரிலிருந்து:

தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தோம், கும்பகோணம் பக்கம். தரகர் போனில், "பையனுக்குப் பத்து மா இருக்குங்க, சொந்த போர்" என்றார். அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவிடம், "பத்து மாமரத்துக்கு எதுக்குடி போரு?" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்கிற வரைக்கும் பேச்சுப் போய்விட்டது. எங்களுக்கு ஏக்கரா தெரியும், சென்ட் தெரியும். அங்கே நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மா என்பது கிட்டத்தட்ட 33 சென்ட், அப்படியானால் பத்து மா மூன்று ஏக்கருக்கு மேல், அதுவும் ஆற்றுப் பாசன நஞ்சை! கணக்குப் போட்டுச் சொன்னதும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்த இடம் ஜாதகத்தில் தட்டிப்போனது வேறு கதை.

கோவையில் ஆசிரியை:

சிரிப்புக் கதைகளுக்கு நடுவில் இதைச் சொல்லலாமா தெரியவில்லை. மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். மாதத் தேர்வு அட்டையில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த பையன், காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம். அட்டையை நீட்டி, "அப்பச்சி போட்டுக் குடுத்தாங்க மிஸ்" என்றான். எங்கள் பக்கம் அப்பச்சி என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. "அப்பச்சி போட்டாச் செல்லாது கண்ணு, அப்பா போடணும்" என்று திருப்பிக் கொடுத்தேன். மறுநாளும் அதே கையெழுத்து, அதே பதில். மூன்றாவது நாள் அவன் அட்டையை நீட்டவே இல்லை, மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று அழுதான். "எங்க வீட்டில அப்பான்னு யாருமே இல்ல மிஸ்" என்றான்.

ஐயோ, தகப்பன் இல்லாத பிள்ளையைப் போய்ப் படுத்திவிட்டோமே என்று எனக்கு உயிரே போய்விட்டது. சாயங்காலம் அம்மா வந்தபோது மெதுவாகக் கேட்டால், அவர் வாசலைக் காட்டுகிறார். அங்கே பைக்கில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருக்கிறார் அப்பச்சி. செட்டியார் வீடுகளில் அப்பாவைத்தான் அப்பச்சி என்பார்களாம், அம்மாவை ஆத்தா. அந்தப் பையன் மூன்று நாளும் சரியாகத்தான் செய்திருக்கிறான். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஆளாளுக்கு வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கரும்பலகையில் எழுதவைத்ததில் கணக்குப் பீரியட் முழுக்கப் போய்விட்டது. அம்மிச்சி, அப்பத்தா, ஆச்சி, ஆயா, நானிம்மா என்று பலகையில் இடம் போதவில்லை.

திருவாரூர்க்காரர்:

முதல் பதிவுக்கு ஒன்று. எங்கள் ஊரிலும் "பொழுதோட வந்துடு" என்போம். ஆனால் இருட்டுவதற்குள் வீடு வந்து சேர் என்று அர்த்தம். பிளம்பர் ஆறு மணிக்கு வந்தது எங்கள் கணக்கில் லேட்.

வியாசர்பாடியிலிருந்து கோவைக்கு வந்தவர்:

எல்லாவற்றையும் வீட்டுக்காரம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அப்பச்சி கதைக்கு அவர் கண் துடைத்துக்கொண்டார். அப்புறம் ஒரு அவசரக் கேள்வி. தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர் இப்போதுதான் கூப்பிட்டார். "சித்த நேரத்துல வந்துர்றனுங்க" என்கிறார். குக்கர் வைத்துவிடலாமா, இல்லை இப்போதே தண்ணீர் பிடித்துவைக்க வேண்டுமா? கோவைக்காரர்கள் யாராவது உடனே சொல்லுங்கள்.

ஈரோட்டுக்காரர்:

நாலு குடம் பிடிச்சு வெச்சுட்டு, குக்கரையும் வெச்சிருங்க. எங்களுக்கே தெரியாதுங்க அது.