கபானி பற்றிய கண்காட்சி: தண்ணீர்த் தாரையில் லேசர் சிதறுகிறது

தேவகோட்டை டீச்சர்:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இயற்பியலாளர் நரீந்தர் சிங் கபானியைப் பற்றி அறிவியல் கண்காட்சிக்குச் செய்கிறார்கள். 2 லிட்டர் பாட்டிலில் துளை போட்டு, எதிர்ப்பக்கம் லேசர் அடித்து, தண்ணீர்த் தாரையோடு ஒளி வளைவதைக் காட்டுகிறோம். நாலு விரற்கடை போனதும் ஒளி சிதறிவிடுகிறது. சார்ட்டில் அவரை "ஒளியிழையைக் கண்டுபிடித்தவர்" என்று எழுதலாமா (ஒளியைக் கடத்தும் மெல்லிய இழைதான் ஒளியிழை)? சார்லஸ் காவோதான் என்கிறார்கள் சிலர். இடம், பழைய செட்டியார் வீட்டு முகப்பு.

காரைக்குடி லேப்:
டீச்சர், துளையில் பிசிறு இருக்கும். ஆணியைக் காய்ச்சி 5 மி.மீ. துளை போட்டு, விளிம்பை பிளேடால் சீவுங்கள். தாரை கண்ணாடிக் கம்பி மாதிரி வழவழவென விழ வேண்டும். சுருண்டு விழுந்தால் ஒளி வெளியேறிவிடும். தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கினாலும் தாரை உடையும், ஊற்றிக்கொண்டே இருங்கள். வரி வரியான பாட்டில் வேண்டாம். ஒளி தெரிய 2 லிட்டருக்கு ஒரு சொட்டுப் பால் போதும். ஊருணித் தண்ணீர் கலங்கலாக இருந்தால் அதுவும் வேண்டாம். முகப்பில் வெளிச்சம் அதிகம், உள் அறைக்கு மாற்றுங்கள். லேசர் 1 மில்லிவாட்டுக்கு மேல் வேண்டாம், பிள்ளைகள் கண் மட்டத்திலும் வைக்காதீர்கள்.

பள்ளத்தூர் ஃபைபர்:
சார்ட்டில் எழுதப்போவதற்கு ஒரு திருத்தம். தாரைக்குள் ஒளியை 1841-லேயே ஜெனீவாவில் கொலாடன் என்ற இயற்பியலாளர் காட்டிவிட்டார். கபானியின் சாதனை வேறு. அவரும் ஹெரால்டு ஹாப்கின்ஸும் லண்டன் இம்பீரியல் கல்லூரியில், ஆயிரக்கணக்கான மெல்லிய கண்ணாடி இழைகளை இரு முனையிலும் ஒரே வரிசையில் கட்டி, வளைந்த பாதையில் ஒரு படத்தையே கடத்தினார்கள். கட்டுரை 1954 ஜனவரி 2 நேச்சர் இதழில் வந்தது. அதே இதழில் நெதர்லாந்து அறிவியலாளர் வான் ஹீல் இழைக்கு மேலுறை வேண்டும் என்று எழுதினார். உறையில்லாத இழைகள் தொட்டுக்கொண்டால் ஒளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசியும்.

அதனால் தாரையோடு ஓர் இழைக்கட்டும் வையுங்கள். 0.75 மி.மீ. பிளாஸ்டிக் இழையை (நட்சத்திரக் கூரைக்கு விற்பது, உறையோடு வரும்) 40 செ.மீ. துண்டாக 64 வெட்டுங்கள்; 30 மீட்டர் வாங்கினால் போதும். ஓட்டை போட்ட ஜெனரல் பர்ப்பஸ் பிசிபி (மின்சுற்று அட்டை) இரண்டில் 8×8 ஆக, வரிசைக்கு எண் போட்டுக் கோருங்கள். கத்தரிக்கோல் முனையை நசுக்கும். புது பிளேடால் வெட்டி, 400, பிறகு 1000 உப்புத்தாளில் தேயுங்கள். கறுப்புச் சார்ட்டில் "ட" வெட்டி, பின்னால் மொபைல் டார்ச் அடித்தால் மறுமுனையில் "ட" தெரியும். நாலைந்து இழையை வேண்டுமென்றே இடம் மாற்றிக் காட்டுங்கள்: ஒளி வரும், எழுத்து சிதையும். கபானியின் உழைப்பு அந்த வரிசையில்தான் இருக்கிறது.

காரைக்குடி லேப்:
காவோவுக்குத் தனிக் கட்டம் போடுங்கள். அன்றைய கண்ணாடி கிலோமீட்டருக்கு 1000 டெசிபல் (ஒளி இழப்பை அளக்கும் அலகு) இழந்தது. 20 மீட்டரில் நூறில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். கண்ணாடியில் உள்ள அசுத்தமே காரணம், 20 டெசிபலுக்குக் குறைத்தால் (1 கி.மீ.க்கு நூறில் ஒரு பங்கு மிஞ்சும்) தொலைத்தொடர்புக்கு ஆகும் என்று 1966-ல் காவோவும் அவருடன் பணியாற்றிய ஹாக்ஹாமும் சொன்னார்கள். 1970-ல் அமெரிக்கக் கண்ணாடி நிறுவனமான கார்னிங்கில் மாரர், கெக், ஷுல்ட்ஸ் 17-ஐத் தொட்டார்கள். இப்போது 0.2 அளவு. அதே நூறில் ஒரு பங்கு மிஞ்ச 100 கி.மீ. போகலாம். 20 மீ., 1 கி.மீ., 100 கி.மீ. என்று மூன்று கோடு வரைந்தால் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியும்.

தேவகோட்டை டீச்சர்:
நன்றி சார். பிசிபியில் ஒட்ட ஃபெவிக்விக் போதுமா?

பள்ளத்தூர் ஃபைபர்:
வேண்டாம் டீச்சர். அதன் ஆவி முனையை வெள்ளையாக்கும், இழையிலும் மயிர்க்கோடு விழும். சூட்டுப் பசை உருக்கிவிடும். அரால்டைட் தடவி ஓர் இரவு ஆறவிட்டு, அப்புறம் தேயுங்கள். இழைக்கட்டை "ப" போல வளைத்து இரு முனையையும் பார்ப்பவர் பக்கம் திருப்பினால் எழுத்து இடவலம் மாறித் தெரியும், கோர்த்ததில் தவறில்லை.