மலைச்சரிவில் நிலநத்தைக் கணக்கெடுப்பு: முறை பற்றி உதவி தேவை

வணக்கம். மலைச்சரிவு ஒன்றில் அடிவாரம் தொடங்கி உச்சி வரை, உயரம் மாற மாற நிலநத்தை இனங்கள் எப்படி மாறுகின்றன என்று கணக்கெடுக்கப் போகிறோம். களப்பழக்கம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவி.

பெரிய நத்தைகள் பிரச்சினை இல்லை, மழை விட்ட இரவில் டார்ச்சோடு மரத்தண்டு, பாறை இடுக்கு, விழுந்த கட்டைக்கு அடியில் தேடினால் கிடைத்துவிடும். சிக்கல் 5 மி.மீ.க்கும் குறைவான குட்டி இனங்களில்தான். அவை இலைச்சருகுக்குள் கிடப்பதால் வெறுங்கண்ணுக்குத் தப்பிவிடும், சருகையும் மேல்மண்ணையும் அள்ளி உலர்த்திச் சலித்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு இடத்துக்கு எத்தனை லிட்டர் சருகு எடுக்கிறீர்கள்?

அப்புறம் வெற்று ஓடுகள். சுண்ணாம்புப் பாறை உள்ள இடத்தில் ஓடு நெடுநாள் அழியாது, அமில மண்ணில் சீக்கிரம் கரைந்துவிடும், ஆகவே எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் சுண்ணாம்பு இடம் உண்மையைவிட வளமாகத் தெரியுமோ என்பது என் கவலை. (அங்கே நத்தைகள் நிஜமாகவே அதிகம் இருக்கும் என்பதால் பிரித்தறிவது இன்னும் கடினம்.) உயிருள்ளவற்றையும் வெற்று ஓடுகளையும் தனித்தனியாகப் பதிவு செய்தால் போதுமா?

மண்ணின் பி.எச்., சருகின் ஆழம், மர நிழல், ஈரப்பதம் குறிக்கிறோம். வேறென்ன சேர்க்கலாம்? ஒரே ஒரு பாறைக்குன்றில் மட்டும் வாழும் இனங்களும் உண்டு என்பதால் உயிருள்ளவற்றைப் படமெடுத்து அங்கேயே விட்டுவிட விரும்புகிறோம். ஆனால் உள்ளுறுப்பைப் பார்த்தால்தான் இனம் உறுதியாகும் என்கிற நத்தைகளை என்ன செய்கிறீர்கள்? நீங்கள் பயன்படுத்தும் களப் படிவம் இருந்தால் அதையும் பகிருங்கள்.